அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் முதல் மாதம்: மருத்துவ மாணவருக்கும் வீட்டாருக்கும் ஓர் எளிய விளக்கம்

“மேடம், அந்த மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. ஏன் ஒருவரும் ஓடவில்லை?”

அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு முதல் நாள் வரும் மருத்துவ மாணவர்களில் ஒருவராவது இதைக் கேட்பார். கேட்காதவர்களின் முகத்திலும் அதே கேள்வி இருக்கும். அந்த மணி பல காரணங்களுக்காக அடிக்கும். விரலில் மாட்டிய ஒட்சிசன் அளவி கழன்றிருக்கலாம். நோயாளி இருமியிருக்கலாம். மருந்து ஏற்றும் பம்பில் மருந்து முடியப் போகலாம். சில வேளை, உண்மையாகவே உயிருக்கு ஆபத்தாகவும் இருக்கலாம். கட்டிலருகே நிற்கும் தாதி ஓசையை வைத்தே எது எதுவென்று பிரித்தறிந்துவிடுவார். மாணவருக்கோ எல்லா மணியும் சாவு மணியாகத்தான் கேட்கும். ஒவ்வொரு மணிக்கும் வயிறு இறுக, ஆறு மணிநேரம் நின்றுவிட்டு, மட்டக்களப்பில் பிள்ளையாரடியில் உள்ள விடுதிக்குத் திரும்பும் பிள்ளை, “இந்த வேலைக்கு நான் ஏற்றவள் இல்லை” என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறாள்.

எந்த ஓசை எதற்கு என்று பத்து நிமிடம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தால் அந்தப் பயத்தில் பாதி போய்விடும். மற்றப் பாதி அறிவால் போகாது. அதற்கு ஆள் வேண்டும், தூக்கம் வேண்டும், வாய்விட்டுச் சொல்ல ஓர் இடம் வேண்டும். இந்தக் கட்டுரை அந்த இரண்டு பாதிகளையும் பற்றியது. கற்றலை ஒரு பக்கமும் மாணவர் மனநலத்தை இன்னொரு பக்கமும் வைத்துவிட்டு, ஆண்டுக்கு ஒரு தடவை மண்டபத்தில் கூட்டம் போட்டு மூச்சுப்பயிற்சி சொல்லி அனுப்பும் முறையில் எனக்கு நம்பிக்கை குறைவு. தான் பார்ப்பது என்னவென்று விளங்காத பிள்ளைக்கு மூச்சுப்பயிற்சி எவ்வளவு நேரத்துக்கு உதவும்?

அந்தப் பிரிவு என்னதான் செய்கிறது?

வீட்டார் பலர், மற்ற வார்டில் கொடுக்காத ஏதோ ஒரு பெரிய மருந்தை அங்கே கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறார்கள். மாணவர்களும் அப்படித்தான் நினைத்து வருகிறார்கள். உண்மையில் அங்கே நடப்பது பெரும்பாலும் தாங்கிப் பிடித்தல். நுரையீரல் ஓய்ந்தால் செயற்கைச் சுவாசக் கருவி மூச்சு விடுகிறது. குருதியமுக்கம் விழுந்தால் நோர்அட்ரீனலின் போன்ற மருந்து குருதிக்குழாய்களைச் சுருக்கி அதைத் தூக்கி நிறுத்துகிறது. சிறுநீரகம் நின்றால் இயந்திரம் குருதியைச் சுத்திகரிக்கிறது. நோய் தணியும் வரை, அல்லது அதற்கான சிகிச்சை வேலை செய்யும் வரை, உறுப்புகளுக்கு நேரம் வாங்கிக் கொடுப்பதுதான் அந்தப் பிரிவின் தொழில்.

மட்டக்களப்பு, அம்பாறை வயல் ஊர்களில் பிறந்தவர்களுக்கு இதை விளங்கவைக்கக் கட்டுவிரியன் கடியை விடச் சிறந்த உதாரணம் இல்லை. இரவில் தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவரை அது கடிக்கும். கடித்த இடத்தில் பெரிதாக வலியோ வீக்கமோ இருக்காது. விடியும்போது கண் இமை விழும், பேச்சுக் குழறும், பிறகு மூச்சு விடும் தசைகளும் ஓய்ந்துவிடும். நரம்பு முனையில் நஞ்சு ஏற்படுத்திய சேதம் தானாகத்தான் ஆற வேண்டும். நஞ்சுமுறி மருந்தும் கொடுப்போம். ஆனால் விழுந்துவிட்ட தசையை அது உடனே எழுப்பிவிடாது. ஆகவே நாட்கணக்கில் கருவி அவருக்காக மூச்சு விடும். அதன்பின் அதே மனிதர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவார்.

இதில் மாணவர் அறிய வேண்டிய முக்கியமான விடயம் ஒன்று உண்டு. அந்த நோயாளியின் கண் திறக்காது, கை அசையாது, கண்மணி கூட வெளிச்சத்துக்குச் சுருங்காமல் இருக்கலாம். பார்ப்பவர் மூளை செத்துவிட்டது என்று தவறாக முடிவு கட்டக்கூடிய நிலை அது. ஆனால் நஞ்சு தாக்கியது தசைக்குப் போகும் நரம்பு முனையை. மூளை விழித்திருக்கலாம். தூக்க மருந்து குறைவாக இருந்தால், அவர் கட்டிலருகே நாம் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கலாம். “ஐயா, நான் மருத்துவ மாணவி. இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி. உங்கள் மகன் வெளியே நிற்கிறார். இந்தக் கருவி உங்களுக்காக மூச்சு விடுகிறது, நஞ்சு இறங்கியதும் எடுத்துவிடுவோம்” என்று சொல்வதற்குப் பட்டம் தேவையில்லை. நிபுணர்கள் நிறைந்த அறையில் ஒன்றும் செய்ய இயலாமல் நிற்கிறோமே என்று குமையும் மாணவருக்கு, அன்றைய நாளின் மிகப் பயனுள்ள சிகிச்சை அவர் வாயிலேயே இருக்கிறது.

மாணவர் கையில் பிறந்த துறை

இந்த வரலாற்றை ஒவ்வொரு தொகுதி மாணவருக்கும் நான் சொல்வதுண்டு. 1952-இல் டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியது. பிளெக்டாம் வைத்தியசாலையில் மூச்சுத் தசை செயலிழந்து வந்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். அங்கே ஆளையே உள்ளே வைத்து மூடும் பெரிய இரும்புச் சுவாசக் கருவி ஒன்றே ஒன்று இருந்தது. மார்பில் கவசம் போல் பொருத்தும் கருவிகள் ஆறு இருந்தன. மயக்கமருந்து நிபுணர் பியோன் இப்சன் அழைக்கப்பட்டார். ஓகஸ்ட் 27 அன்று, மூச்சுத் திணறிக்கொண்டிருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிடச் செய்து, குழாய் வைத்து, இறப்பர்ப் பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுத்தார். சிறுமி பிழைத்தாள்.

முறை கிடைத்துவிட்டது, ஆனால் அமுக்கக் கைகள் எங்கே? மருத்துவ மாணவர்களை அழைத்தார்கள். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறை வைத்து, இரவும் பகலும் கட்டிலருகே உட்கார்ந்து பையை அமுக்கினார்கள். உச்ச நேரத்தில் ஒரே சமயத்தில் 70 நோயாளர் வரை அவர்களுடைய கைகளால் மூச்சு விட்டார்கள். மொத்தம் 165,000 மணிநேரம் என்று கணக்குச் சொல்கிறது. இறப்பு வீதம் வெகுவாகக் குறைந்தது. அந்த அனுபவத்தைக் கொண்டு 1953 டிசம்பரில் இப்சன் அதே நகரில் தனிப் பிரிவொன்றைத் தொடங்கினார். இன்று உலகெங்கும் உள்ள அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு அதுவே முன்னோடி.

அந்த மாணவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஓர் உயிர் இருந்தது. அமுக்குவது தவறில்லாமல் இருந்தும், விடியுமுன் அந்த உயிர் போன இரவுகளும் இருந்தன. இருபது இருபத்திரண்டு வயதில் அதைச் சுமந்துகொண்டு விடுதிக்குப் போனார்கள். ஆகவே இந்தத் துறையில் மாணவர் என்பவர் ஓரத்தில் நின்று பார்க்க வந்தவர் அல்லர் என்பதும், மாணவரின் மனச்சுமை என்பது புதிதாகக் கண்டுபிடித்த செல்லம் அல்ல என்பதும் எனக்கு ஒன்றாகவே படுகிறது.

எங்கிருந்து கற்கத் தொடங்குவது?

எட்டுக் கட்டில், ஒவ்வொன்றிலும் முப்பது எண்கள். எல்லாவற்றையும் பிடிக்கப் போனால் ஒன்றும் கையில் நிற்காது. ஒரு நாளைக்கு ஒரு நோயாளியை எடுத்துக்கொள்ளுங்கள். இவரை இங்கே கொண்டுவந்தது எது, எந்த உறுப்பு ஓய்ந்திருக்கிறது, அதை எது தாங்குகிறது, நேற்றைவிட இன்று மேலா, எதற்காகக் காத்திருக்கிறோம் என்று கேளுங்கள். இவற்றுக்கு விடை சொல்ல முடிந்தால் அந்த நோயாளியை உங்களுக்குத் தெரியும்.

பார்க்கும் ஒழுங்கு ஏ, பி, சி, டி, இ. முதலில் காற்றுவழி, அடுத்துச் சுவாசம், பிறகு குருதியோட்டம், அதன்பின் நினைவுநிலை, கடைசியாக உடலை முழுதாகத் திறந்து பார்த்தல். எது விரைவாகக் கொல்லுமோ அது முதலில் வருகிறது, அவ்வளவுதான் அந்த ஒழுங்கின் தர்க்கம். பதற்றத்தில் எல்லாம் மறந்துபோகும்போது இந்த ஐந்து எழுத்து கைப்பிடியாக இருக்கும். திரையைப் பார்க்குமுன் ஆளைப் பார்ப்பது என்ற பழக்கத்தையும் அதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள். திரையில் ஒட்சிசன் 70 என்று காட்டும்போது நோயாளி நிறம் மாறாமல் அமைதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தால், விரலைப் பாருங்கள். அளவி அனேகமாகத் தலையணையில் கிடக்கும்.

ஒரு சிறு கணக்கு. இதை வாயால் சொல்வதைவிடத் தாளில் போட்டுக் காட்டினால் மாணவர்களின் கண் விரிவதைப் பார்த்திருக்கிறேன். ஒருவரின் குருதியமுக்கம் 90-க்கு 54. இன்னொருவருக்கு 100-க்கு 40. யாருடைய நிலை மோசம்? மேல் எண்ணைப் பார்த்து முதலாமவர் என்பார்கள். உறுப்புகளுக்குக் குருதியைத் தள்ளுவது சராசரி அமுக்கம். கீழ் எண்ணோடு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தின் மூன்றிலொரு பங்கைக் கூட்டினால் அது கிடைக்கும். முதலாமவருக்கு வித்தியாசம் 36, அதன் மூன்றிலொன்று 12, ஆகவே 66. இரண்டாமவருக்கு வித்தியாசம் 60, மூன்றிலொன்று 20, ஆகவே 60. கிருமித்தாக்கத்தால் அமுக்கம் சரிந்தவர்களுக்கு 65 என்ற இலக்கை வைத்தே மருந்தைக் கூட்டிக் குறைக்கிறோம். அந்த அளவுகோலில் இரண்டாமவர்தான் கீழே நிற்கிறார். இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த நாளிலிருந்து, தாதி ஏன் அந்த பம்பின் எண்ணைக் கூட்டினார் என்பது மர்மமாக இருக்காது.

இதேபோல், கருவி தள்ளும் காற்றின் அளவு நோயாளியின் நிறையைப் பார்த்து அல்ல, உயரத்தைப் பார்த்து முடிவாகிறது. உடல் பருத்தால் நுரையீரல் பெருக்காது. கடுமையாகப் பாதித்த நுரையீரலுக்குக் குறைந்த அளவில், அதாவது உயரத்துக்குரிய நிறையில் கிலோவுக்கு 6 மில்லிலீட்டர் கொடுத்தால் உயிர்கள் மிஞ்சும் என்று 2000-இல் 861 பேரிடம் செய்த அமெரிக்க ஆய்வு காட்டியது. இறப்பு நூற்றுக்கு 39.8-இலிருந்து 31-க்குக் குறைந்தது.

பெல்ஜியத்து வைத்தியர் ஜான் லூயி வின்சென்ட் 2005-இல் கொடுத்த நினைவுச் சொல் ஒன்றும் உண்டு: ‘ஃபாஸ்ட் ஹக்’. விரைவான ஓர் அணைப்பு என்று பொருள். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒவ்வொரு நாளும் உணவு, வலி தணித்தல், தூக்க மருந்தின் அளவு, குருதி உறைதலைத் தடுத்தல், தலைப்பக்கத்தை உயர்த்தல், இரைப்பைப் புண் தடுப்பு, குருதிச் சீனி ஆகிய ஏழையும் பார்க்கச் சொல்கிறது. இவற்றில் ஐந்தாவது, மாணவருக்கு வாய்த்தது. கட்டிலின் தலைப்பக்கம் குறைந்தது 30 பாகையாவது உயர்ந்திருக்க வேண்டும். இரைப்பையில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போவதைக் குறைக்கத்தான் அது. கைபேசியில் உள்ள கோணமானியை வைத்து அளந்து பாருங்கள். தாழ்ந்திருந்தால் தாதியிடம் பணிவாகச் சொல்லுங்கள். ஒரு நியுமோனியாவைத் தடுத்த கை உங்களுடையதாக இருக்கலாம்.

படிக்கக் கிடைப்பவை ஏராளம், அதுவே ஒரு தொல்லை. உலக மயக்கமருந்தியலாளர் சங்கங்களின் கூட்டமைப்பு இலவசமாக வெளியிடும் பாடங்கள் வசதி குறைந்த வைத்தியசாலைகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவுஸ்திரேலிய வைத்தியர்கள் நடத்தும் ‘லைஃப் இன் த ஃபாஸ்ட் லேன்’ தளத்தில் இதயமின்வரைவுகள் பற்றிய தொகுப்பு மிக நல்லது. பாம்புக்கடிக்கு இலங்கை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டி, டெங்குவுக்குச் சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவின் வழிகாட்டி ஆகிய இரண்டும் இந்த மண்ணின் நோய்களுக்கு எழுதப்பட்டவை. வெளிநாட்டுப் பெரும் நூல்களுக்கு முன் அவற்றைப் படியுங்கள். மாணவர் விடுதியில் இணையம் நன்றாக வரும் நேரத்தில் இறக்கி வைத்துக்கொண்டால் பிறகு தேடி அலைய வேண்டியதில்லை. இவை எல்லாவற்றுக்கும் மேலான பாடநூல், பதினைந்து வருடமாக அந்தக் கட்டில்களைப் பார்த்து வரும் தாதி. “மிஸ், இந்தக் குழாய் எதற்கு?” என்று கேட்கக் கூச்சப்படாத மாணவர்களே விரைவாகக் கற்கிறார்கள்.

குறிப்புப் புத்தகத்தில் நோயாளியின் பெயரோ கட்டில் எண்ணோ எழுத வேண்டாம். சிறிய ஊர் இது. உங்கள் புத்தகம் பஸ்ஸில் தவறினால் அதை எடுப்பவர் நோயாளியின் மைத்துனராக இருப்பார்.

வலிக்குப் பெயர் வைத்தல்

“மனம் சரியில்லை” என்று மட்டும் சொன்னால் அதற்கு என்ன செய்வதென்று தெரியாது. அந்தப் பிரிவில் மாணவருக்கு வரும் வலிகள் ஒரே வகையல்ல.

துக்கம் என்பது ஒன்று. நேற்றுப் பேசிய மனிதர் இன்று இல்லை என்றால் அழுகை வருவது நோய் அல்ல. அதற்கு மருந்தும் வேண்டாம்.

இரண்டாவது, அறநெறி நெருக்கடி. அமெரிக்க மெய்யியலாளர் ஆண்ட்ரூ ஜேமிற்றன் 1984-இல் இதை எழுதினார். எது சரி என்று தெரியும், ஆனால் அதைச் செய்ய வழியில்லாதபோது வரும் வேதனை. கட்டில் ஒன்று, தேவைப்படுபவர் இருவர். அல்லது இனிப் பயனில்லை என்று தெரிந்த சிகிச்சையைக் குடும்பத்தின் கண்ணீருக்காக நீட்டிக்கொண்டிருப்பது. முடிவெடுக்கும் அதிகாரம் சற்றும் இல்லாத மாணவருக்கு இது இரட்டிப்பாக வலிக்கும். “ஏன் இப்படிச் செய்கிறோம்” என்று நிபுணரிடம் கேட்பதே பாதி மருந்து. பல வேளைகளில் மாணவர் அறியாத காரணம் ஒன்று இருக்கும். காரணம் இல்லாமல் போனால், நிபுணரும் அதே வேதனையில் இருப்பது தெரியவரும்.

மூன்றாவது, தவறுக்குப் பிறகு வரும் உடைவு. சிகிச்சையில் தவறு நேர்ந்தால் முதலில் பாதிக்கப்படுபவர் நோயாளி. தவறு செய்தவரும் அதனால் உடைகிறார் என்பதைக் காட்ட, ஆல்பர்ட் வூ என்ற வைத்தியர் 2000-இல் ‘இரண்டாவது பாதிப்பாளர்’ என்ற சொல்லைக் கொண்டுவந்தார். நான் பயிற்சியில் இருந்த காலத்தில், ஓர் ஊரின் வைத்தியசாலையில், குருதி மாதிரிப் போத்தலில் ஒட்டும் பெயரை மாற்றி ஒட்டிவிட்டேன். ஆய்வுகூடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள், யாருக்கும் தீங்கு நேரவில்லை. ஆனால் வார்டின் நடுவில் எல்லார் முன்னும் எனக்குக் கிடைத்த ஏச்சுக்குப் பிறகு மூன்று வாரம் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த மூன்று வாரத்தில் நான் எத்தனை தவறுகளை மறைத்திருப்பேன் என்று நினைத்தால் இன்றும் பயமாக இருக்கிறது. ஏச்சு தவறைக் குறைப்பதில்லை, தவறைச் சொல்லும் வாயைத்தான் அடைக்கிறது.

நான்காவது, சோர்ந்து எரிந்துபோதல். இது ஒரு நாளில் வருவதல்ல. உளவியலாளர் கிறிஸ்டினா மஸ்லாக் இதற்கு மூன்று முகங்கள் சொன்னார்: உள்ளே ஒன்றும் மிஞ்சாத களைப்பு, நோயாளிகளை மரக்கட்டைகளாகப் பார்க்கும் விலகல், நான் செய்வதால் ஒரு பயனுமில்லை என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதைத் தனி நோயாக அல்ல, வேலைச்சூழலால் வரும் நிலை என்றே வகைப்படுத்தியது. அந்த வேறுபாடு முக்கியமானது. வேலைச்சூழலால் வந்ததை மாணவரின் மனவலிமையை மட்டும் கூட்டித் தீர்க்க முடியாது.

கிழக்குக்கே உரிய ஒன்றையும் சேர்க்க வேண்டும். இன்று இங்கே படிக்கும் மாணவர்களில் பலர் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்கு முன்னும் பின்னுமான சில ஆண்டுகளில் பிறந்தவர்கள். கடலையும் போரையும் அவர்கள் நினைவில் வைத்திருக்காவிட்டாலும், இழப்பைப் பற்றிப் பேசாத வீடுகளில் வளர்ந்தவர்கள் உண்டு. ஒரு தாய் கட்டிலருகே ஓலமிடும்போது, மாணவருக்குள் எந்தக் கதவு திறக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரியாது. எனவே “உள்ளே என்ன பார்ப்பாய், தாங்க முடியாவிட்டால் வெளியே போகலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், இந்தத் தாதியிடம் தலையசைத்துவிட்டுப் போ” என்று முதல் நாளே சொல்லிவைப்பது ஆசிரியரின் கடமை. எனக்குத் தெரிந்த உதவிகளில் மிக மலிவானதும் மிகப் பயனுள்ளதும் இதுதான். சிங்களம் பேசும் மாணவர் மட்டக்களப்பிலும், தமிழ் பேசும் மாணவர் அம்பாறை நகரிலும், பாதி விளங்கிய மொழியில் மரணச் செய்தியைக் கேட்டுக்கொண்டு நிற்கும்போது, அருகில் நிற்கும் நண்பர் மெதுவாக மொழிபெயர்த்துச் சொல்வதும் அப்படிப்பட்ட உதவியே.

சாவீட்டிலிருந்து வந்தால்

நம் ஊரில் சாவீட்டுக்குப் போய் வந்தவர் முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். துடக்கு என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. இறந்தவரின் இடத்திலிருந்து இருப்பவரின் இடத்துக்கு வருவதற்கு ஒரு படி வேண்டும் என்று முன்னோர் அறிந்திருந்தார்கள். மருத்துவ மாணவருக்கு அந்தப் படி இல்லை. பத்து மணிக்கு ஒரு மரணத்தைப் பார்க்கிறார், பத்தரைக்கு விரிவுரையில் இருக்கிறார்.

அமெரிக்காவில் வேர்ஜீனியாவில் ஜொனதன் பார்ட்டெல்ஸ் என்ற தாதி ஒரு சிறு வழக்கத்தைத் தொடங்கினார். ஒருவர் இறந்ததும், சுற்றி நின்ற எல்லோரும் ஒரு நிமிடம் போல் மௌனமாக நிற்பது. இவர் யாரோ ஒருவருக்கு அன்பானவர், நாம் இவருக்காக முயன்றோம் என்று ஒருவர் சொல்ல, பிறகு மௌனம். யாருடைய சமயத்துக்கும் இது இடைஞ்சல் இல்லை. கோவிலுக்குப் போகிறவரும், பள்ளிவாசலுக்குப் போகிறவரும், தேவாலயத்துக்குப் போகிறவரும், விகாரைக்குப் போகிறவரும் ஒரே கட்டிலைச் சுற்றி நிற்கும் எங்கள் ஊருக்கு அது பொருந்தும்.

மௌனத்துக்குப் பின் பத்து நிமிடப் பேச்சு. என்ன நடந்தது, எது நன்றாக நடந்தது, அடுத்த முறை எதை மாற்றலாம் என்று பேசினால் போதும். “உனக்கு என்ன உணர்வு, எல்லோர் முன்னும் சொல்” என்று வற்புறுத்தக்கூடாது. அதிர்ச்சிக்குப் பிறகு ஒரே அமர்வில் கட்டாயமாக மனத்தைக் கொட்டவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. பேச விரும்புகிறவருக்குக் காது கொடுப்பதும், விரும்பாதவரைத் தேநீரோடு விட்டுவிடுவதும், இரண்டு நாள் கழித்து மறுபடி விசாரிப்பதும்தான் சரி.

தூக்கத்தைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். 1997-இல் டோசன், ரீட் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், தொடர்ந்து 17 மணிநேரம் விழித்திருந்தவரின் செயல்திறன் குருதியில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரின் அளவுக்குக் குறைந்தது. 24 மணிநேரத்தில் அது 0.10 வீதத்துக்கு ஒப்பானது. இரவு முழுதும் கண்விழித்த மாணவர் காலையில் மோட்டார் சைக்கிளில் கல்லடிப் பாலத்தைத் தாண்டுவதைப் பார்க்கும்போது என் வயிறு கலங்கும். குடித்துவிட்டு ஓட்டுகிறவரை நிறுத்துவோம் அல்லவா? இவரையும் நிறுத்துங்கள். முச்சக்கரவண்டியில் அனுப்புங்கள், அல்லது ஒரு மணிநேரம் படுக்க ஓர் இடம் கொடுங்கள்.

யாரிடம் சொல்வது?

பீடத்தில் மாணவ ஆலோசகர்களாக நியமிக்கப்பட்ட விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். முதற்படி அங்கே. ஆனால் மாணவர்கள் ஏன் போவதில்லை என்பதையும் ஒளிக்காமல் பேச வேண்டும். சிறிய பீடத்தில் ஆலோசகரே பாடம் எடுப்பவர். உளமருத்துவ நிபுணரே இறுதிப் பரீட்சையில் கேள்வி கேட்பவர். தான் உள்ளத்தைத் திறந்து காட்டிய ஒருவர் முன் ஆறு மாதம் கழித்துப் பரீட்சைக்கு உட்கார யாருக்குத்தான் மனம் வரும்? இந்தத் தயக்கம் கோழைத்தனம் அல்ல, நியாயமானது. தீர்வு பீடத்தின் கையில்தான் இருக்கிறது. தன் மாணவர்களைப் பரீட்சிக்காத, வேறு ஊரில் உள்ள வைத்தியர் ஒருவரோடு ஏற்பாடு செய்து வைப்பதும், அங்கே போனது பதிவில் வராது என்று எழுத்தில் சொல்வதும் பெரிய செலவில்லாத காரியங்கள்.

அந்த ஏற்பாடு வரும் வரை தொலைபேசி இருக்கிறது. 1926 என்பது தேசிய மனநல நிறுவனத்தின் உதவி எண். 1333 என்ற இலவச ஆலோசனை எண்ணும் உண்டு. அழைப்பதற்குப் பெரிய காரணம் வேண்டும் என்றில்லை. தூங்க முடியவில்லை என்பதே போதும்.

ஒரு விடயத்தைக் கவனமாகச் சொல்ல வேண்டும். அந்தப் பிரிவுக்குத் தம்மைத் தாமே மாய்த்துக்கொள்ள முயன்று வருகிறவர்களில் மாணவரின் வயதை ஒத்தவர்கள் இருப்பார்கள். “இவர்களுக்கு ஏன் கட்டிலை வீணாக்குகிறோம்” என்று யாராவது சலித்துப் பேசுவதும் நடக்கும். சுற்றி நிற்கும் மாணவரில் ஒருவர் அதே எண்ணத்தோடு பல இரவுகளைக் கழித்தவராக இருக்கலாம். அந்த ஒரு வசனம் அவரிடம், நீ இதைச் சொன்னால் உனக்கும் இதே வார்த்தைதான் என்று சொல்லிவிடும். ஆகவே கட்டிலருகே வாயைக் காப்பது நோயாளிக்காக மட்டும் அல்ல. அப்படி ஓர் எண்ணம் உங்களுக்கு வந்தால் நாளைக்கு என்று தள்ளிவைக்க வேண்டாம். இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். நண்பர் ஒருவர் உங்களிடம் சொன்னால் தனியே விடாதீர்கள், கூட இருந்து வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். இரகசியம் காப்பதாகக் கொடுத்த வாக்கு இந்த ஓர் இடத்தில் செல்லாது.

வீட்டாருக்கு

பிள்ளை வார இறுதியில் களுவாஞ்சிக்குடிக்கோ அக்கரைப்பற்றுக்கோ வீடு வந்து, சாப்பாட்டைப் பாதியில் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால், “டொக்டராகப் போகிறவள் இதற்கெல்லாம் கலங்கலாமா” என்று கேட்காதீர்கள். அடுத்த பரீட்சையைப் பற்றியும் அன்றைக்குக் கேட்க வேண்டாம். “இன்றைக்கு யாரையாவது இழந்தீர்களா?” என்று கேட்கலாம். சொன்னால் கேளுங்கள், சொல்லாவிட்டால் விடுங்கள். நோயாளியின் பெயரைக் கேட்காதீர்கள், அவள் சொல்லவும் கூடாது. சோற்றைப் போட்டு, கதவைச் சாத்தி, பத்து மணிவரை தூங்க விடுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் சில நாட்களில் தேறிவிடுவார்கள். இரண்டு வாரம் கடந்தும் தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல், வார்டுக்குப் போகும் நேரம் நெருங்கும்போது கை நடுங்கினால், அல்லது முன்பு விரும்பிய எதிலும் மனம் ஒட்டாமல் போனால், சுற்றத்தார் என்ன சொல்வார்கள் என்று யோசிக்காமல் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். வைத்தியர் ஆகப் போகிறவருக்கும் வைத்தியர் தேவைப்படும்.